கறுப்பு விளக்கின் கீழ் அக்கா

விளக்கைப் போட்டதும் முதலில் தெரிவது அக்காவின் பல்தான். அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் கறுப்புத் திரையை இழுத்து மூடிக்கொண்டு, கை நீட்டினால் கை தெரியாத இருட்டில் ஸ்டூல் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். கண் இருட்டுக்குப் பழகாமல் வேலையைத் தொடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். பிறகு அக்கா சுவிட்சைத் தட்டுவார். கறுப்பு விளக்கு என்று பேர்தானே தவிர, மங்கலாக ஒரு ஊதா நிறம் வரும். வெளிச்சம் என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் அக்கா சிரித்தால் பல் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிடும். என் துப்பட்டா ஓரத்து நூல் தனியாக மின்னும். தரையில் கிடக்கிற பஞ்சுத் துணுக்குகூட என்னமோ விலையுயர்ந்த சாமான் மாதிரி கிடக்கும். "ரெண்டு பேயும் வந்தாச்சு, ஆரம்பிக்கலாமா?" என்பார் அக்கா. தினமும் அதே வார்த்தைதான். தினமும் நான் சிரித்துவிடுவேன்.

பெங்களூர் ஹெப்பகோடியில் இருந்தது எங்கள் கம்பெனி. விமானத்துக்குப் போகிற சின்னச் சின்ன அலுமினிய பாகங்கள் செய்வார்கள். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. அதில் எனக்கு மூத்தவர் அக்கா. பாகங்களை ஒரு சாய எண்ணெயில் முக்கி ஊறப்போடுவார்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் அதற்குள் இறங்கிக்கொள்ளும். பிறகு மேலே இருப்பதைக் கழுவி, உலர்த்தி, வெள்ளைப் பவுடர் தூவுவார்கள். உள்ளே ஒளிந்திருக்கிற எண்ணெயைப் பவுடர் உறிஞ்சி வெளியே இழுக்கும். எங்கள் இருட்டறைக்கு வந்து விளக்குக்குக் கீழே வைத்தால், நல்ல பாகம் இருட்டாகவே இருக்கும். விரிசல் விட்ட பாகத்தில் தலைமுடியை விட மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு எரியும்.

ஏன் எரிகிறது என்று அக்கா ஒருமுறை எங்கள் இன்ஜினியர் சாரைக் கேட்டார். சார் நிதானமாகச் சொன்னார். அந்தச் சாயம் கரிமப் பொருளில் செய்தது, நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அதன் மூலக்கூறு விழுங்கும், விழுங்கியதில் கொஞ்சத்தை உதறித் தொலைத்துவிட்டு மிச்சத்தை வெளியே விடும், அந்த மிச்சம்தான் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது என்றார். அக்கா யோசித்துவிட்டு, "நம்ம வீட்டு புரோக்கர் மாதிரின்னு சொல்லுங்க சார், கமிஷன புடிச்சிக்கினு மீதிய குடுக்கறான்" என்றார். சார் சிரித்து, கிட்டத்தட்ட அதுதான் என்று ஒத்துக்கொண்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதற்கு மேல் எந்த விளக்கமும் இன்றுவரை தேவைப்படவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பயப்படுகிற ஆள். கேஸை மூடினேனா என்று தொம்மலூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். தலைக்கு மேலே விமானம் தாழப் பறந்தால், அதில் நாங்கள் பார்த்த பாகம் ஏதாவது இருக்குமோ என்று அது மறைகிற வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். இருட்டறையிலோ எனக்கு எல்லாமே விரிசல்தான். தூசி மின்னினாலும் விரிசல், விரல் ரேகை மின்னினாலும் விரிசல். "உன்ன வுட்டா எல்லா பீஸையும் குப்பைல போட்டுட்டு, இனிமே பிளேனே பறக்கக் கூடாதுன்னு சொல்லுவடி" என்று அக்கா கிண்டல் செய்வார். பரீட்சை தேறி எனக்கும் ஒரு ஸ்டாம்ப் கொடுத்திருந்தார்கள். பாகம் சரியாக இருக்கிறது என்று அடிக்கிற முத்திரை அது. அதை டப்பாவை விட்டு வெளியே எடுக்கவே எனக்குத் துணிச்சல் வராது. அக்காதான் அடிப்பார். ஸ்டாம்ப் அடித்துவிட்டால் அப்புறம் அந்தப் பாகத்தை நினைத்து ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியது அவர் இல்லையா என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அவர் நன்றாகத் தூங்குகிறவர்.

அப்படிப்பட்டவர் தூக்கம் கெட்டதற்கு மகன்தான் காரணம். அக்காவின் மகன் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் சிவாஜிநகர் கடையில் அம்மாவுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தான். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கப் போடுவது, அதோடு வெயிலில் போனால் தானே கறுத்துக்கொள்ளும். பழைய கண்ணாடிக்கு ஒரு கால் உடைந்து, நூல் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடியோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிய அன்று, "எம் மவன் என்ன ஹீரோயின் ஆக்கிட்டான், யாரும் கண்ணு வெக்காதீங்க" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

கொஞ்ச நாளில் அவர் வேலை செய்கிற விதம் மாறியது. பாகத்தை விளக்குக்கு மிக அருகில் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்டல் குறைந்தது. வேலை தொடங்கும்போது பழையபடி இருப்பார். போகப்போக எரிச்சல் வரும். டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கியதும் சரியாகிவிடும், வேலை தொடங்கினால் திரும்பவும் மங்கும். ஒரு காலையில், விளக்கைப் போடுவதற்கு முன்னால், அந்த முழு இருட்டில் சொன்னார்:

"எங்கம்மாக்கு சக்கரைல கண்ணு போச்சு, தெரியுமா? எனக்கும் ஆரம்பிச்சுடுச்சு போலக்குது. கொஞ்ச நேரம் பாத்தா புகை அடிச்சா மாதிரி ஆயிடுது."

டாக்டரிடம் போகலாமே என்றேன்.

"போனா கண்ணு சரியில்லன்னு எழுதிக் குடுத்துடுவான். வருசாந்திர கண்ணு டெஸ்ட் வருது. அதுல பெயிலானா ஸ்டாம்ப வாங்கிப்பாங்க. அப்புறம் என்ன, பேக்கிங்ல போய் அட்டப்பெட்டி ஒட்டறதா? இந்த இருட்டுல உக்காந்தேதான்டி என் புள்ளய படிக்க வெச்சேன்." பிறகு, "யார்கிட்டயும் ஓதாத" என்றார்.

முகம் தெரியாத இடத்தில் சொல்லப்படுகிற விஷயத்துக்கு ஒரு கனம் உண்டு. அவர் அழுதாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. விளக்கைப் போட்டபோது வழக்கமான பேய் வசனத்தைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். நான்தான் அன்று முழுக்க அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விளக்கில் கண்ணாடி போட்டவர்களின் கண் தெரியாது. அதன் மேல் ஊதா நிழல் ஒன்று வழுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழை, மத்தியானமே சாயங்காலம் மாதிரி ஆக்கிவிட்டது. டீ நேரத்துக்குத் திரையை விலக்கிக்கொண்டு நாங்கள் கான்டீனுக்கு வந்தோம். டீ ஊற்றுகிற அண்ணன் கன்னடக்காரர், அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனக்கா, ஒளகே பிசிலா?" என்றார். உள்ளே வெயிலா என்று கேட்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கண்ணாடி கன்னங்கரேல் என்று இருந்தது.

மற்ற நாட்களில் நாங்கள் வெளியே வந்ததும் முற்றத்து வெயிலில்தான் நிற்போம். கண்ணாடி கறுத்திருந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. இருட்டிலிருந்து வருகிற கண்ணுக்கு அது இதமாகவும் இருந்திருக்கும். அன்று வெயிலே இல்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். விளக்குக்குக் கீழே கண்ணாடியைக் காட்டி, வெளியே கொண்டுவந்து பார்த்தார். அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. லாக்கரிலிருந்து நூல் சுற்றிய பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார். இருட்டில் என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"உன் மூக்கு நுனில பவுடர் கீதுடி. காதுல நூலு. தெரியுது. எல்லாம் தெரியுது."

அந்த மாதிரிக் கண்ணாடி இருட்டறைக்குள் ஆகாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் வெயிலுக்குக் கறுக்கிற கண்ணாடி, வெயிலே நுழையாத இடத்தில் எப்படிக் கறுக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத பங்கு ஒன்று இருக்கிறது, அதைத்தான் அந்த விளக்கும் கொடுக்கிறது என்பது எங்கள் நினைவில் நிற்கவில்லை. சார் பிற்பாடு சொன்னார், அந்தக் கண்ணாடியில் இருப்பதும் சாயத்தைப் போலவே ஒரு கரிம மூலக்கூறுதானாம். அதே வெளிச்சத்தை விழுங்கியதும் ஒன்று எரிகிறது, இன்னொன்று உருவம் மாறி இருண்டுபோகிறது. நான் இதைப் பல நாள் நினைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளைகளில்கூட இப்படித்தானே.

அன்று அக்கா கான்டீனில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று சொல்லவில்லை. நானும் ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், வாயில் வைக்க முடியவில்லை. என் புத்தி அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. அடக்கிப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறப்போகும்போது வாய் தானாகக் கேட்டுவிட்டது:

"அக்கா, அந்தக் கண்ணாடி போட்டுக்கினு பாஸ் பண்ண பீஸெல்லாம்?"

அக்கா படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். "இன்னிக்கு ஒரு நாளாவது சந்தோசமா இருக்க வுடமாட்டியாடி நீ? நல்ல வார்த்தையே உன் வாய்ல வராதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டிரைவர் ஹார்ன் அடித்தார். அக்கா ஏறவில்லை. மழையில் நனைந்துகொண்டு அப்படியே நின்றார். பிறகு காலை எடுத்துவிட்டு, "நீ போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். பஸ்ஸில் போயிருந்தால் எனக்குப் பயம் இன்னும் அதிகமாகியிருக்கும், அதனால் நானும் ஏறாமல் அவர் பின்னால் போனேன்.

சார் அக்காவைத் திட்டவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, அக்காவின் ஸ்டாம்பை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அக்கா புதுக் கண்ணாடி போட்ட நாட்களில் போன பாகங்களில் பாதிக்கு மேல் ஸ்டோரிலேயே இருந்தன. மீதி வெளியே முலாம் பூசப் போயிருந்தன. பூசுவதற்கு முன்பே போன் போட்டுத் திருப்பி வரவழைத்தார்கள். எல்லாவற்றையும் சுத்தம் செய்து, மறுபடி எண்ணெயில் ஊறப்போட்டு, முதலிலிருந்து பார்க்க வேண்டும். "நீங்க பாருங்க" என்று சார் என்னிடம் சொன்னார். டப்பாவில் கிடந்த என் ஸ்டாம்ப் அன்றுதான் வெளியே வந்தது. அக்கா பக்கத்தில் உட்காரலாம், ஆனால் கையெழுத்தோ முத்திரையோ கிடையாது.

இன்று நான் அந்த அறையில் தனியாக உட்கார்கிறேன். அக்காவுக்குக் கண் டெஸ்ட் வைத்து, அதில் தேறியதும் ஸ்டாம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆகிற வரை வேலை பார்த்தார். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார், போனில் பேசினால் பேரனைப் பற்றித்தான் பேச்சு. விளக்கு புதுசு. இனி கேமராவே பார்த்துவிடும் என்கிறார்கள். அது என்னை விட நன்றாகப் பார்க்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் ஒரு பாகத்தை மூன்று தடவை பார்க்கிறேன், ஸ்டாம்ப் அடித்த பிறகு நான்காவது தடவையும் பார்க்கிறேன், ராத்திரி படுத்தால் அதுவே கண்ணுக்குள் வருகிறது. ஆனால் அப்படி வருகிறபோதெல்லாம் அந்த மறுபரிசோதனையின் கடைசி நாளும் சேர்ந்தே வரும்.

அதுவரை ஒன்றும் அகப்படவில்லை. தட்டுத் தட்டாகப் பார்த்து முடித்திருந்தோம். எல்லாம் இருட்டாக, நல்லபடியாக இருந்தன. நான் மனசுக்குள் சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லாமல் முடிந்துவிட்டால், அக்கா தவறு செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசித் தட்டில் ஒரு பாகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கப் போனேன். எனக்கே ஒன்றும் தெரியவில்லை. தூசியை எல்லாம் விரிசல் என்கிற எனக்கு.

"நில்லு" என்றார் அக்கா. "சாய்ச்சுப் புடி. இன்னும். அந்த வளைவுக்கு உள்பக்கம்."

சாய்த்தேன். உள்வளைவில் இமைமுடி மாதிரி ஒரு பச்சை. "நூலா இருக்கும்க்கா" என்றேன். எனக்கு நூலாக இருக்க வேண்டும். முறைப்படி பஞ்சுக்குச்சியில் மருந்தைத் தொட்டு அந்த இடத்தைத் துடைத்தேன். பச்சை போய்விட்டது. மறுபடி பவுடரைத் தூவினேன். தூசியாக இருந்தால் திரும்பி வராது. விரிசலாக இருந்தால் உள்ளே இருப்பது வந்தே தீரும். இருவரும் குனிந்து காத்திருந்தோம். அக்காவின் மூச்சு என் காதில் பட்டது.

முதலில் ஒரு புள்ளி. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டுக்கும் நடுவில் கோடு.

"வந்துடுச்சுடி! வந்துடுச்சு, பாரு! எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது, உனக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது!" பிள்ளை பிறந்த சேதியைச் சொல்கிறவர் மாதிரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவ்வளவு சந்தோஷமான குரலில் அவர் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு பாகத்தைத் திருப்பினார். அடியில் அவருடைய பழைய முத்திரை இருந்தது.

விரிசல் விட்ட பாகத்தில் சிவப்புச் சீட்டைக் கட்ட வேண்டும். நான் கட்டப் பார்த்தேன். கம்பி ஓட்டைக்குள் போகாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"குடு" என்றார் அக்கா. "நான் பாஸ் பண்ண பீஸு. நானே கட்டறேன்."

கட்டி, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துத் தனியாக வைத்தார். தட்டில் மிச்சம் இருந்த பாகங்களை என் பக்கம் நகர்த்தினார்.