நவநீதன் கிரேனிலிருந்து இறங்கிய நாள்

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் நவநீதன் பதினாறு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவன். கூரையை ஒட்டி ஓடும் கூண்டில் உட்கார்ந்து, நாலு டன் இரும்புத் தகட்டைப் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறக்கிவைப்பான். அவன் மேலே இருந்தால் கீழே நிற்பவர்கள் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

சென்ற ஆவணியிலிருந்து அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சோறு மண்ணாக இருந்தது. மகள் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து, தெருக்கோடி டாக்டரிடம் போனான். ரத்தம், சர்க்கரை, ஈசிஜி எல்லாம் சரி.

"உடம்புல ஒண்ணும் இல்லைங்க. ஒரு மாசமா இப்படின்னா மனநல டாக்டரைப் பாத்துடுங்க," என்று சொல்லி அவர் எழுதிக் கொடுத்த சீட்டை நவநீதன் யாரிடமும் காட்டவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை, கொக்கியில் தொங்கிய தகடு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சைகை காட்டும் மதுரைவீரன் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினான். நவநீதன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்தக் கை சொன்னது மட்டும் அவனுக்கு எட்டவில்லை. விசில் இரண்டாம் முறை வீறிட்ட பிறகே லீவரைப் பிடித்து நிறுத்தினான். மதுரைவீரனின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு முழம்தான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தகட்டைப் பத்திரமாக இறக்கிவிட்டு, ஏணி வழியே இறங்கி, நேராகச் சூப்பர்வைசர் சுப்புராமனிடம் போனான்.

"சார், இப்போதைக்கு நான் மேல ஏற மாட்டேன். மனசு சரியில்லை. அதுக்கான டாக்டரைப் பாக்கணும்."

"ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்குப்பா. இதையெல்லாம் வெளிய சொல்லாத. அப்புறம் கிரேன்ல உன்னை யாரு உட்கார வைப்பா?"

"வைக்காட்டி பரவாயில்லைங்க சார். கீழ நிக்கறவன் முழுசா வீடு போய்ச் சேரணும்ல?"

வீட்டில் சீட்டை மனைவி மட்டுவார்குழலியிடம் நீட்டினான். அவள் தேதியைப் பார்த்தாள்.

"ஏங்க சொல்லலை?"

"பைத்தியம்னு நினைச்சுடுவியோன்னு."

"நீங்க சிரிச்சு ரெண்டு மாசமாச்சு. என் மேலதான் ஏதோ கோவம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கிளம்புங்க."

தில்லைநகரில் மனநலப் பெண் மருத்துவர் ஒருவர் எல்லாம் விசாரித்துவிட்டு, "செத்துடலாம்னு எப்பவாவது தோணுச்சாங்க?" என்று நிதானமாகக் கேட்டார்.

நவநீதன் மனைவியைப் பார்த்தான். "ஒரு தடவை. கூண்டுலேர்ந்து கீழ எட்டிப் பாத்தப்ப."

மட்டுவார்குழலி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னது நல்லதாப் போச்சு. மறுபடி தோணினா உடனே இவங்ககிட்ட சொல்லுங்க, இங்க வந்துடுங்க. இது மனச்சோர்வு நோய், குணமாகும். மாத்திரை வேலை செய்ய நாலு வாரம்கூட ஆகலாம். நீங்களா நிறுத்திடாதீங்க."

முதல் இரண்டு வாரம் வாய் வறண்டதுதான் மிச்சம். மாத்திரையைத் தூக்கியெறியத் தோன்றியது, எறியவில்லை. ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தான். சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஐந்தாம் வாரம் ஒரு மதியம், ரசத்தின் மணம் மூக்கில் ஏற, இன்னொரு கரண்டி கேட்டான். மட்டுவார்குழலி ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தை பிறந்ததும், மறுபடி கிரேன் ஓட்டலாம் என்று மருத்துவர் சான்று எழுதிக் கொடுத்தார். கிரேன் சாவியைச் சுப்புராமனே கொண்டுவந்து கொடுத்தார்.

மாத்திரை இன்னும் சில மாதம் உண்டு. கேன்டீனில் எல்லார் எதிரிலும்தான் போட்டுக்கொள்கிறான். என்ன மாத்திரை என்று கேட்டால், எதற்கென்று மறைக்காமல் சொல்கிறான்.