அவன் ஏன் வீட்டை விட்டுப் போனான்

வாசகர் கூட்டத்துக்காக மூத்த மகள் கொடுத்த நாவலை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் அவளோடு கண்டிக்குப் பஸ் ஏறினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். யாராவது கேள்வி கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று புசல்லாவையிலிருந்தே கதையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன்.

கதை கண்டி ராஜா காலத்தில் நடக்கிறது. குயவர் வீட்டு மூத்த மகன் ஒரு விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுகிறான். ஏன் போனான் என்பதுதான் அன்றைய வாசகர் கூட்டத்தில் பேச்சு.

"காதல்தான், வேற என்னா? பதினெட்டு வயசுல சட்டிபானைக்குப் பயந்தா ஓடுவான்?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த வீட்டுல அவனுக்கு மூச்சு முட்டிருச்சு. அதான் போனான்" என்றாள் என் மகள்.

கூட்டத்தை நடத்திய யாழ்ப்பாணத்து டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களும் ஒண்டு சொல்லுங்கோவன்."

எழுந்து நின்றேன். "அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாளே, அவ தலையில வீட்டக் கட்டிட்டுப் போயிட்டான். இதுல காரணம் என்னா வேண்டிக்கிடக்கு?"

கை தட்டினார்கள். மகள் மட்டும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வீட்டில் ஒருவருக்காவது தொழிலாளியாகப் பேர் பதிவு இருந்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு நிலைக்கும். என் அண்ணன் கொழும்புக்குப் போனதால் பள்ளியை விட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்தவள் நான். இப்போது என் முழங்கால் மலை ஏற மறுக்கிறது. எனக்கும் இரண்டு பிள்ளைகள், இரண்டும் பெண்; அடுத்து மூத்தவள் பேரைத்தான் பதிய வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், பேராதனை தாண்டியதும் மகள் சொன்னாள்: "கொழும்புல வேல கெடச்சிருக்கும்மா. இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். இனி வேணாம், நான் போகல."

எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. அவளும் போய்விடுவாளோ என்ற பயத்தில் பெற்ற பிள்ளையைச் சபையில் வைத்துக் குத்திவிட்டு, அது பலித்ததும் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

"எப்ப சேரணும்?" என்று கம்பளை வந்தபிறகுதான் கேட்டேன்.

"அதான் போகலன்னு சொல்லிட்டேனே."

"கதையில வர்ற தங்கச்சிக்கும் போகத்தான் ஆச இருந்திருக்கும். அவன் முந்திக்கிட்டான்னுதான் அவளுக்குக் கோவம். நீ போ."

"நம்ம வீட்டுத் தங்கச்சி?"

"அவளும் படிச்சு முடிச்சுப் போகட்டும். வீட்ட நான் பாத்துக்கிறேன்."

"இந்தக் காலோடயா?"

மகள் தன் கையை என் முழங்கால் மேல் வைத்தாள். அந்தக் கையைப் பார்க்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது.