லிஃப்டுக்குள் ஒரு ஃபங்ஷனல் குரூப்

மகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சையன்று காலை, சேலையூரில் எங்கள் அடுக்ககத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. படியில் இறங்கலாம் என்றவள் அவள். என் தொப்பையை உத்தேசித்து லிஃப்டில் ஏற்றியவன் நான்.

வெளியே வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "சார், கரண்ட் பூட்ச்சு. ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆவல, பேஜாரா கீது. அங்கயே நில்லு சார்."

வேறு எங்கே போவது?

"கேட்டைச் சாத்திட்டா உள்ள விட மாட்டாங்கப்பா." மகள் அழத் தொடங்கினாள். "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. ஃபங்ஷனல் குரூப்னா என்னன்னுகூட வரல."

ஆறுதல் சொல்லும் அவசரத்தில், "அதுல இன்னும் இருக்கியா? காதுகுத்து முடிஞ்சதுமே நான் வெளிய வந்துட்டேனே" என்றேன்.

அழுகை நின்று முறைப்பு வந்தது. "வாட்ஸ்அப் இல்லப்பா. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி."

தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஓ, வினைச்செயல் தொகுதியா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"இது என்ன லாங்வேஜ்ப்பா?"

என்னிடமிருந்து தப்பிக்க அவளுக்கும் வழியில்லை, விளக்கினேன். கார்பன் சங்கிலி வெறும் உடம்பு. அதில் OH ஒட்டினால் ஆல்கஹால், COOH ஒட்டினால் அமிலம். குணத்தைத் தீர்மானிப்பது ஒட்டிக்கொண்டிருப்பதுதான்.

"அத்தை சேர்ந்ததும் நம்ம குரூப்ல சண்டை வந்துச்சே, அந்த மாதிரியா?"

"அதேதான். அத்தைதான் COOH."

"அத்தனாயிக் ஆசிட்" என்று சிரித்தவள், கண்ணை மூடி முணுமுணுத்தாள். "எத்தனால், எத்தனேல், எத்தனாயிக் ஆசிட். வந்துருச்சுப்பா."

கரண்டும் வந்தது. லிஃப்ட் கீழே போகாமல், யாரோ அழுத்திவைத்த நான்காம் மாடிக்குப் போய்த் திறந்தது. மகள் படிகளில் பாய்ந்தாள். நான் மூச்சிரைக்கக் கீழே வந்தபோது, அவள் அக்கா என்று கூப்பிடும் முதல் மாடிப் பெண்ணின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"காரெல்லாம் ஜிஎஸ்டி ரோட்ல நகராது. நீ மெதுவா வாப்பா."

ஸ்கூட்டர் போன திசையில் கார் சாவியோடு நாலடி ஓடினேன். வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"குந்து சார். பாப்பா போய்க்கினே கீது. நீ இன்னாத்துக்கு ஓடற?"

உட்கார்ந்தேன். அந்த அக்காவின் போன் வரும்வரை எழுந்திருக்க முடியவில்லை.

"உள்ள போயிட்டாண்ணா. அவளுக்கப்புறம்தான் கேட்டைச் சாத்தினாங்க."