துர்துகான் எஜே தன்மேல் காட்டமாட்டாள்

துர்துகான் எஜேயைக் கல்லூரியில் சேர்த்துவிட்டது நான்தான். எஜே என்றால் எங்கள் ஊரில் அக்கா. அதற்காக இன்றைக்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும். எங்கள் மருத்துவக் கல்லூரித் தேர்வுக்கு நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஓஷ் நகரத்தில் நடிக்கத் தெரிந்த எல்லோரும் கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கப் போய்விடுகிறார்கள். மிச்சமிருந்தவர்களில் வாய் திறந்து பேசத் தெரிந்தவள் என் பக்கத்து வீட்டு எஜே ஒருத்திதான். டிராலிபஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவள். பிள்ளைகுட்டி கிடையாது. கணவர் மாமாசாலி போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "எங்க பசங்களோட வந்து சண்டை போடுங்க எஜே" என்று கையோடு கூட்டிவந்தேன்.

அந்தக் காலத்தில் தேர்வு என்றால் மேஜைமேல் கேள்விச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து, வியர்த்து விறுவிறுத்து ஒப்பித்துவிட்டுப் போகலாம். இப்போது அது காலாவதி. வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி, ஒரு நோய், எட்டு நிமிடம். மாணவன் கை கழுவினானா, பெயர் சொன்னானா, கேட்க வேண்டியதைக் கேட்டானா என்று சுவருக்கு அந்தப் பக்கம் திரையில் பார்த்து ஒருவர் தாளில் டிக் போடுவார். நேரம் தொடங்கினாலும் முடிந்தாலும் மணி அடிப்பது நான். என் பெயர் ஜிபார். மாணவர்கள் வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள், அதெல்லாம் இங்கே வேண்டாம்.

எஜே பிறவி நடிகை. மயக்கம் என்றால் நமக்குத் தலை சுற்றும். இருமினாள் என்றால் வராண்டாவில் நிற்பவன் முகக்கவசம் தேடுவான். அனுதாபம் காட்டினால் ஒரு மதிப்பெண் என்று தாளில் இருப்பது பசங்களுக்குத் தெரியும். ஒருத்தன் கதவைத் திறந்த வேகத்தில், "உங்க வேதனை எனக்குப் புரியுதுங்க" என்றான்.

"என்னத்தப் புரிஞ்சுது? நான் இன்னும் வாயே தொறக்கலையே!" என்றாள் எஜே.

வம்பு எல்லாம் ஒரே இடத்தில்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எஜே தன் உடம்பில் தொட்டுக் காட்டமாட்டாள்.

எங்கள் ஊரில் யாருமே காட்டமாட்டார்கள் என்பது வேறு விஷயம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கை முறிந்த கதையைச் சொல்லும்போது யாராவது தன் கையைத் தொட்டால், "உன்மேல காட்டாதே!" என்று நாலு பேர் கத்துவோம். காட்டின இடத்துக்கு நோய் வழி கண்டுபிடித்து வந்துவிடும். டாக்டர்களே காட்டமாட்டார்கள், கேட்டால் மட்டும் சிரிப்பார்கள். ஆனால் எஜேக்கு இது விளையாட்டு இல்லை. மாமாசாலி ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், கூட வேலை செய்த டிரைவருக்கு மாரடைப்பு வந்ததைச் சொன்னார். சொன்னவர் சும்மா இல்லாமல் தன் நெஞ்சில் கை வைத்து, "இங்கதான் பிடிச்சுதாம்" என்று காட்டினார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவருக்கும் அங்கேதான் பிடித்தது. அது தற்செயல் என்று நான் ஒரே ஒரு முறை எஜேயிடம் சொன்னேன். அப்புறம் ரொம்ப நாளைக்கு அவள் என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதனால் வயிற்றுப்புண் நோயாளியாக உட்கார்ந்தால், மேஜைக்கு நடுவில் விரலை வைத்து "இங்க எரியுது" என்பாள். குடல்வால் வலி என்றால் நாற்காலியின் வலது கீழ்ப்பக்கம். ஒரு மாணவி பயத்தில் அந்த நாற்காலியையே அழுத்தி, "கையை எடுக்கும்போது வலிக்குதா?" என்று கேட்டாள். அதன்மேல் காட்டட்டும் என்று ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தேன். "கண்ணைத் தொறந்து என்னையே பாக்குது, இதுக்குப் போய் நோவு குடுக்கச் சொல்றியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைசியில் காய்ச்சல், தூக்கமின்மை, மறதி என்று விரலுக்கு வேலையில்லாத நோய்களாகப் பார்த்து அவளுக்கு ஒதுக்கி வைத்தேன். வண்டி அப்படியே ஓடியது.

குத்மான் வந்து சேர்ந்தான். அலாய் மலைப்பக்கத்துப் பையன். புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். ஆனால் நோயாளி முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாய் பேசாமலே இரண்டு முறை தோற்றுவிட்டான். இது மூன்றாவது, கடைசி. இதிலும் போனால் பெயரை அடித்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மறுதேர்வு அன்று அவன் ஒருவனுக்காகத்தான் நடந்தது. காலையிலிருந்து அவன் அம்மா கல்லூரி கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். "உக்காந்தா பயமா இருக்கு" என்றாள்.

மற்ற அறைகளை அவன் எப்படியோ திக்கித்திணறித் தாண்டிவிட்டான். கடைசி அறை நெஞ்சுவலி. அதற்கு வரவேண்டிய நாடகக்காரப் பெண், கல்யாணத்தில் பாடக் கூப்பிட்டார்கள் என்று கம்பி நீட்டிவிட்டாள். அன்று கையில் இருந்த நடிகை எஜே மட்டும்தான்.

"நெஞ்சுவலியா? பேசறேன். காட்டமாட்டேன்" என்றாள்.

"எஜே, அந்த ஒரு டிக் இல்லைன்னா அறையே தோல்வி. வலிக்கிற இடத்தை நோயாளி விரலால காட்டணும்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. பையன் வாழ்க்கை எஜே!"

"பையன் நல்லாத்தான் இருப்பான். என்னை விட்டுடு."

தேர்வாளர் தாலந்த் ஒமுரோவிச்சிடம் ஓடினேன். வெளிநாடு போய் பயிற்சி எடுத்துவந்த மனிதர். தாளில் இல்லாதது உலகத்திலேயே இல்லை அவருக்கு. "இந்த ஒரு தடவை விட்டுக்குடுங்க" என்றேன். "ஜிபார் எஜே, விரல் வரணும்" என்றார். அந்த வாயிலேயே ஒன்று போடலாம் போல இருந்தது எனக்கு. மணியை அடித்துவிட்டு அவர் பக்கத்தில் திரையைப் பார்த்து உட்கார்ந்தேன்.

குத்மான் கதவருகே நின்றான். கை கழுவினான். மறந்துபோய் இன்னொரு தடவையும் கழுவினான்.

"உள்ள நகரு, உள்ள நகரு, கதவுகிட்ட நிக்காதே" என்றாள் எஜே, டிராலிபஸ் ஞாபகத்தில்.

பெயரைச் சொன்னான். எப்போதிலிருந்து வலி, நடந்தால் கூடுகிறதா, மூச்சு வாங்குகிறதா, வரிசையாகக் கேட்டான். குரல் பூனைக்குட்டி மாதிரி, ஆனால் கேட்டான்! நான் தாலந்தின் முழங்கையை இடித்தேன், டிக் போடுங்கள் என்று. போட்டார்.

"எங்க வலிக்குதுன்னு விரலால காட்டுங்க எஜே."

எஜே அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அந்த அலமாரி தெரியுதா? அதுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருந்தா, நடுவுல. கொஞ்சம் இடது."

குத்மான் அலமாரியைப் பார்த்தான். தாலந்த் பேனாவைக் கீழே வைத்தார்.

"எஜே, அலமாரி வேண்டாம். உங்க மேல காட்டுங்க."

"அந்த நோவோட முகம் அந்தப் பக்கம் திரும்பட்டும்! மாட்டேன்."

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. போச்சு, இனிமேல் வாயே திறக்கமாட்டான் என்று நினைத்தேன். ஆனால் அவன் ஏதோ புரிந்தவன்போலத் தலையாட்டினான்.

"எங்க ஊர்லயும் காட்டமாட்டாங்க" என்றான். வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான். "என் மேல காட்டுங்க எஜே."

எஜே நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "தூ, தூ, தூ! உனக்குப் பைத்தியமா? மூடு அதை! உங்கம்மா கேட்டுல நிக்கறா, கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன். அவ காதுல விழுந்தா என்னை உயிரோட விடுவாளா?"

"நேரமாகுது எஜே. எனக்கு வந்தா வரட்டும்." அவள் விரலைப் பிடித்துத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோனான். நான் எழுந்து நின்றுவிட்டேன். திரைக்கு இந்தப் பக்கமிருந்தே, "வேண்டாண்டா!" என்று கத்திவிட்டேன்.

எஜே வெடுக்கென்று கையைப் பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் அந்த விரலைத் தன் நெஞ்சில் குத்தி நிறுத்தினாள்.

"இங்க! இங்கதாண்டா! இங்கேர்ந்து இடது தோளுக்குப் போகுது, தாடைக்கும் வருது. போதுமா? கோட்டைப் போடு!"

நான் அழுதுகொண்டே மணியை அடித்தேன்.

தாலந்த் இழுத்தார். மாணவன் தன் உடம்பைக் காட்டச் சொன்னது முறையில்லையாம். "முறையைக் குப்பையில போடுங்க! விரல் வந்துதா வரலையா?" என்று நான் போட்ட சத்தத்தில் டிக் தானாக விழுந்தது. நோயாளியும் ஐந்துக்கு மதிப்பெண் போடவேண்டும். எஜே நாலு போட்டாள். போகும்போது அவன் நன்றி சொல்லவில்லையாம். அதோடு குத்மான் தேறிவிட்டான்.

அப்புறம் எஜே நேராக ஈசிஜி எடுக்கும் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டும், அந்தப் பையன்தான் எடுக்க வேண்டும் என்று ஒரே அடம். அவன் ஒயர்களை ஒட்டினான். தாள் சரசரவென்று வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எஜே நம்பவில்லை, இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாள். நான் குனிந்து அவள் காதில் கேட்டேன்.

"இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு எதுக்கு எஜே உங்க மேல காட்டினீங்க?"

எஜே கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வந்தா என்னோட போச்சு. அவனுக்கு வந்தா, வெளிய நிக்கறாளே அவ, அவ எங்கடி போவா?"