உள்ளங்காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்

முதலில் பார்த்தது நான் இல்லை, என் மனைவி ரத்தினம்மா. ஒரு நாள் காலையில், வீடு துடைக்க வந்தவள் மாப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து பூஜை அறைவரை, அங்கிருந்து என் நாற்காலிவரை, வெள்ளை டைல்ஸில் அடிக்கு ஒன்றாகச் சிவப்புச் சொட்டு.

"ஏங்க, வீடு பூரா பொட்டு வெச்சுட்டு வந்திருக்கீங்க. எந்தக் காலு?"

எந்தக் கால் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் நோய்.

என்னைப் போலச் சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பர்கூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓசூருக்கு வந்தவன். இன்று பதினோரு மெஷின் ஓடும் லேத் பட்டறை என்னுடையது. இன்ஜினீயர் படித்த பிள்ளைகள் அளவுகருவியை எடுப்பதற்குள், கடைந்த சாமானை நான் விரலால் தடவி, முடியளவு தடிப்பு இருந்தாலும் சொல்லிவிடுவேன். சரிபார்த்தால் அதுவே வரும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

அப்படிப்பட்ட எனக்கு, காலில் இரும்பு ஏறியது தெரியவில்லை.

அது எப்படி ஏறியது என்பதையும் மறைக்க மாட்டேன். நான் வாங்கிய முதல் லேத் மெஷின் இன்னும் பட்டறையில் இருக்கிறது. தினமும் காலையில் செருப்பை வாசலில் விட்டு, அதற்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் வேலை ஆரம்பம். எங்கள் தொழிலில் நிறையப் பேர் இப்படித்தான். ஊதுபத்தி காட்டியதும் அவர்கள் செருப்பைப் போட்டுக்கொள்வார்கள். நான் அதே வெறுங்காலோடு எல்லா மெஷினையும் ஒரு சுற்று சுற்றி வருவேன். தரையெல்லாம் மெஷின் கடைந்து தள்ளிய இரும்புச் சுருள். ஆட்களுக்கு மட்டும் ஷூ கட்டாயம். "என் பாதம் எருமைத் தோல்டா" என்று அவர்களிடம் காலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். சாயங்காலம் கிரீஸ் போக மண்ணெண்ணெய் ஊற்றிக் கைகால் கழுவுவேன். தோல் காய்ந்து வெடித்தது. அதையும் உழைப்பின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் என் வலது பெருவிரலுக்குக் கீழே இடுக்கியை விட்டு, கறுத்துப்போன ஒரு சுருளை வெளியே எடுத்தார். இது எத்தனை நாளாக உள்ளே இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"வலிக்கலையா?"

"எனக்கு வலியே வராதுங்க டாக்டர்."

"அதுதாங்க ஐயா வியாதி" என்றார்.

நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு கெட்டு, தொடுவதும் சுடுவதும் குத்துவதும் தெரியாமல் போவது) என்று எழுதினார். எக்ஸ்ரேயில் எலும்புக்குக் கிருமி போகவில்லை. ரத்த ஓட்டமும் பரவாயில்லை. டிப்ரிட்மென்ட் (செத்த சதையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்வது) செய்தார்கள். இன்சுலின் ஆரம்பித்தது. ஆறு வாரம் பார்க்கலாம், புண் மூடவில்லை என்றால் பெருவிரலை எடுத்துவிடுவதுதான் காலுக்கு நல்லது என்றார் சர்ஜன்.

நின்றுகொண்டே சம்பாதித்தவன் நான். நிற்பவனுக்குப் பெருவிரல்தான் அச்சாணி.

மருந்தோடு உடம்பும் குறைய வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் யோகாப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அவரே சொன்னார். போனேன். டாக்டர் நஸ்ரீன் என்று ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த இரண்டு அம்மாக்கள், நைட் ஷிப்ட் பார்த்து இடுப்பு பிடித்த நாலைந்து கம்பெனிப் பிள்ளைகள், நடுவில் நான். ஒரே வாரத்தில் தலைகீழாக நின்று காட்டுகிறேன் டாக்டரம்மா என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க உள்ளங்காலைக் கடைசியா எப்போ பாத்தீங்க ஐயா?" என்று கேட்டார்.

யோசித்தேன். மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறேனே தவிர, நான் பார்த்ததாக ஞாபகமே வரவில்லை.

"யோகத்துல எட்டுப் படிங்க ஐயா. ஆசனம் மூணாவது படி. நீங்க முதல் ரெண்டையும் விட்டுட்டு மாடிக்கு எம்பறீங்க" என்றார்.

இரண்டாவது படிக்கு நியமம் (தினமும் தனக்குத் தானே கடைப்பிடிப்பது) என்று பெயராம். அதில் முதலாவது சௌசம். தூய்மை என்று அர்த்தம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன், குளிக்காமலா இருக்கிறேன் என்று எனக்குக் கோபம். ஆனால் அவர் சொன்ன தூய்மை வேறு. குளிப்பது அழுக்குப் போக; சௌசம் என்பது ஒவ்வொரு இடத்தையும் பார்த்து, அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கழுவுவது.

உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். கால் கழுவத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும், காலை நம்பக் கூடாது. ஊற வைக்கக் கூடாது. விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். குதிகாலுக்குக் கிரீம் தடவலாம், இடுக்கில் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஷூ போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும். கைக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், சோப்பு போதும். புண் உள்ள காலை நர்ஸம்மா பார்த்துக்கொள்வார், அதில் தண்ணீர் படக் கூடாது. இவ்வளவையும் போனை அணைத்துவிட்டு, மூச்சைக் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து இடது கணுக்காலை வலது முட்டி மேல் போட்டேன். அதாவது, போடப் பார்த்தேன். தொந்தி விடவில்லை. கால் பாதி தூரம் வந்து நின்றது, நான் பின்னால் சாய்ந்தேன். பதினோரு மெஷினை ஓட்டுகிறவனுக்குத் தன் காலை எட்டிப் பிடிக்க முடியவில்லை. ரத்தினம்மா முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்தாள். வேண்டாம், என் காலை நீ பார்க்காதே என்று வெட்கப்பட்டேன்.

"முப்பத்தேழு வருசமா உங்க மூஞ்சியப் பாக்கறேன். காலு என்ன பண்ணிடப் போவுது, காட்டுங்க."

ஆக, டாக்டரம்மா எனக்குக் கொடுத்த ஆசனம் அது ஒன்றுதான். மூச்சை விட்டுக்கொண்டே முன்னால் குனிந்து சொந்தக் காலைப் பார்ப்பது. அதோடு உட்கார்ந்தபடியே சில கைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. ராகிக் களியில் ஒரு உருண்டையைக் குறைத்தேன்.

பட்டறையில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் மெஷின் முன்னால் ஷூவோடு நிற்க மனசு ஒப்பவில்லை. அதனால் ஒரு வாரம் பட்டறைக்கே போகவில்லை. ஃபோர்மேன் பசவராஜ் வீட்டுக்கு வந்தான். அத்திப்பள்ளிக்காரன். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பான். "யஜமான்ரே, சாமி உங்க காலப் பாக்காது. இரும்புதான் பாக்கும்" என்றான். மறுநாள் கட்டுப் போட்ட காலுக்கென்று கொடுத்த அகலச் செருப்போடு ஊன்றுகோலைப் பிடித்துப் போய் நின்றேன். மெஷின் எப்போதும் போல ஓடியது.

மூன்றாவது வாரம் புண் சிறிதாகியிருந்தது. அங்கேதான் புத்தி கெட்டது. நஸ்ரீன் டாக்டர் வருவதற்குள், கம்பெனிப் பிள்ளைகள் முன்னால், ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனத்தைச் செய்து காட்டினேன். எந்தக் காலில் என்கிறீர்கள்? புண் இருந்த காலில்தான். வலிக்கவில்லையே! அவர்கள் கைதட்டும்போதே கட்டு சிவந்துவிட்டது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நியமத்துல ரெண்டாவது சந்தோஷம்னு ஒண்ணு இருக்குங்க ஐயா. இருக்கறது போதும்னு நினைக்கறது. உங்களுக்கு ரெண்டு கால் இருக்கு. யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்ல."

சர்ஜன் கட்டைப் பிரித்து, இன்னும் பத்து நாள், அதற்குள் புண் மூடத் தொடங்கவில்லை என்றால் விரலை எடுக்கத் தேதி குறிப்போம் என்றார். அதை எழுதிய பேப்பரை ரத்தினம்மாவிடம்தான் கொடுத்தார். பஸ்ஸில் அவள் அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஏதாவது பீற்றிக்கொள்கிற நான் அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பத்து நாள் நான் டாக்டர்கள் சொன்னபடி கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை என்று எழுதினால் ரத்தினம்மா ஆமாம் என்பாள். அடி எண்ணி நடந்தேன். ஊசி, கட்டு, சாப்பாடு, தூக்கம், எல்லாம் அதனதன் நேரத்துக்கு. நல்ல காலைத் தினமும் கழுவித் துடைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். ஸ்வாத்யாயம் (தன்னைத் தானே படிப்பது) என்றும் ஒரு நியமம் இருக்கிறதாம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவனுக்குப் படிக்க ஒரு பாதம் கிடைத்தது. எழுத்தெல்லாம் வெடிப்பும் தழும்பும்.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்த சர்ஜன் விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் உள்ளே வந்துகொண்டிருந்தது. விரல் இருக்கட்டும் என்றார். ரத்தினம்மா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். முழுவதும் மூட இன்னும் ஐந்து வாரம் ஆனது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். புண்ணை ஆற்றியது இன்சுலினும் ஆன்டிபயாட்டிக்கும் சர்ஜனின் கத்தியும். யோகம் ஆற்றியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யோகம் என்னை ஓரிடத்தில் உட்கார வைத்தது. அதற்குப் பெரிய பலம் வேண்டும். என்னை உட்கார வைக்க இந்த ஜில்லாவில் வேறு யாராலும் முடிந்ததில்லை.

உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். இப்போது என் பெருவிரலைத் தொட்டால் விரலுக்குத் தெரிவதில்லை, கைக்குத்தான் தெரிகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கவனிப்பதுபோல அந்தக் காலைக் கவனிக்கிறேன். அது அழாது. அழவில்லை என்பதற்காகப் பசியில்லை என்று விட்டுவிட முடியுமா? நான்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

தொந்தி இளைத்துவிட்டது. கண்ணாடி இல்லாமலேயே கணுக்கால் முட்டி மேல் ஏறி உட்காருகிறது. இந்த வயதில் இதைச் செய்கிறவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான், விசாரித்துவிட்டேன்.

முன்பு எனக்கு நேரம் என்றால் மெஷின் ஓடும் நேரம்தான், மற்றதெல்லாம் வீண். இன்று காலை கட்டிலில் உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டிருந்தேன். பசவராஜ் ரத்தினம்மாவுக்குப் போன் செய்து, லோடு ஏற்ற லாரி வந்துவிட்டது, யஜமானர் எங்கே என்று கேட்டிருக்கிறான். அவள் கதவோரம் வந்து, என்ன சொல்லட்டும் என்றாள்.

நிற்கச் சொல் என்றேன். இடது கால்தான் முடிந்திருந்தது.