செல்வின் அண்ணன் போடாத கையெழுத்து

தன் கையெழுத்து இல்லை என்று தெரிந்தும் ஒருவர் ஏன் "என்னுடையதுதான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும்? பல வருஷமாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

செல்வின் அண்ணன் போய்விட்டார். முந்தாநாள் மத்தியானம், பாறசாலையில் தன் இன்வெர்ட்டர் கடையில் உட்கார்ந்திருந்தபோதே... ஹார்ட் அட்டாக்.

நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் செய்வோம். புரோகிராம் நான் எழுதுவேன், அவர் சரிபார்ப்பார்.

பிரிண்ட் அவுட்டில் முழு எண்ணைக் குறிக்கும் int என்று எங்கே கண்டாலும் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் "எத்தனை?" என்று எழுதுவார். எத்தனை பிட், அதாவது எவ்வளவு பெரிய எண் வரை அதில் அடங்கும் என்று அர்த்தம். "அண்ணன் வாறாரு, int எல்லாம் ஒளிச்சு வையுங்க" என்று கிண்டல் செய்வோம்.

ஒரு தடவை, நாங்கள் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் தப்பாகக் கணக்குப் போடுகிறது என்று நான் கத்தினேன்.

"சி லாங்குவேஜ் ஸ்டாண்டர்டுல int-க்கு குறைஞ்சது பதினாறு பிட்டுன்னாக்கும் எழுதியிருக்கு. முப்பத்திரண்டுன்னு ஒனக்கு யாரு வாக்கு தந்தா? பாவம், கம்பைலர ஏசாத மக்கா."

எம்.எஸ்சி. படித்த எனக்குத் தெரியாததா என்று அன்றைக்கு ஒரு நினைப்பு...

சரிபார்த்த தாளில் அவர் இனிஷியல் இருக்க வேண்டும். அவர் லீவு என்றால் நாங்களே போட்டுவிடுவோம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

அப்படி ஒரு நாள் அவர் ஒற்றசேகரமங்கலத்தில் மச்சினி கல்யாணத்தில் இருந்தார். புது கண்ட்ரோலர் போக வேண்டிய அவசரம். நான் எழுதினேன், நானே அவர் இனிஷியலையும் போட்டேன்.

அதில் நிமிஷங்களை எண்ணும் ஒரு int இருந்தது. என் கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டு பிட், அந்தச் சிப்பில் பதினாறு. இருபத்திமூன்றாம் நாள் எண் நிரம்பி மைனஸுக்குப் போய்விடும்.

கோழிமுட்டை இருபத்தொரு நாளில் பொரிந்துவிடும். அதனால் எங்கள் டெஸ்டில் எதுவும் தெரியவில்லை. திருப்புறத்தில் அந்தக் கண்ட்ரோலரை வாங்கிய அக்கா வைத்தது வாத்துமுட்டை... அதற்கு இருபத்தெட்டு நாள்.

இருபத்திமூன்றாம் நாள் எண் மைனஸானதும் ஹீட்டர் நின்றது. முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது உள்ளே குஞ்சுகளுக்கு இறகுகூட வந்திருந்தது.

முதலாளி தாளைத் தூக்கிக் காட்டி மலையாளத்தில் கேட்டார். "செல்வினே, இது தன்றெ ஒப்பல்லே?" உன் கையெழுத்துதானே என்று.

அண்ணன் தாளைப் பார்த்தார். தேதியையும் பார்த்தார். "என்னோடதுதான் சார். நான் கவனிக்காம விட்டுட்டேன்."

நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவரைச் சரிபார்ப்பு வேலையிலிருந்து எடுத்து சர்வீஸுக்குப் போட்டார்கள். கொஞ்ச மாதத்தில் விட்டுவிட்டுப் போனார். அப்புறம் கடைக்கு எத்தனையோ முறை போனேன். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் போனேன். பேட்டரிக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது இங்கே எழுதுகிறேன், எல்லாரும் படிக்கட்டும். அந்தப் பிழையும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. மன்னிச்சிருங்க அண்ணா. போய் வாங்க.

அவர் இறந்த மறுநாள், அதாவது நேற்று, அமரவிளையில் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பெட்டி வைத்திருந்தார்கள், சபையில் இருந்து பாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் மனைவி ஷைனியின் கையைப் பிடித்து, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன்.

ஷைனி சொன்னார்:

"அப்ப அவிய எங்கிட்ட, 'ஆபீஸ்ல ஒரு தப்ப பாக்காம விட்டுட்டேன், கண்ணு செரியில்ல'ன்னாக்கும் சொன்னாவ. நான் பயந்து கண்ணாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன் அக்கா. அவியளும் எதுத்து ஒரு வார்த்த பேசாம வந்து, அந்த போர்டுல எழுத்தெல்லாம் வாசிச்சாவ. கடைசி வரிவரைக்கும் வாசிச்சாவ. கண்ணுக்கு ஒரு கொறையும் இல்லன்னு டாக்டர் சொன்னாரு."

பெட்டியை மூடப் போகிறோம் என்று முற்றத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஷைனி என் கையை விட்டுவிட்டு எழுந்து போனார்.