டைம்கீப்பர் வேலுச்சாமி போட்ட ஒரு வாரத் திட்டம்

போன வாரம் பழைய கண்டக்டர் ஒருவர் போன் செய்தார். "நம்ம டைம்கீப்பர் வேலுச்சாமி அண்ணாச்சி போயிட்டாவ. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாவ, எந்திரிக்கல" என்றார். நான் உடனே செய்த காரியம் காலண்டரைப் பார்த்ததுதான். அந்தத் தேதி இல்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி நினைத்ததற்காக அப்புறம் என்மேலேயே எரிச்சல் வந்தது. அது என்ன தேதி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு நாளாக உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். ஒரு பக்கம் நகரமாட்டேன் என்கிறது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவருடைய விசிலைக் கேட்டு ஓடாதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். நான் டிப்போவில் லீவு ஃபைல் பார்த்த கிளார்க். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். "வண்டிக்கு ஆளு நிக்கணும் வே, ஆளுக்கு வண்டி நிக்காது" என்பார். ஒருமுறை தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்துக்கொண்டே விளாத்திகுளம் வண்டிக்கு விசில் கொடுத்துவிட்டார். அன்று டீக்கடையில் எல்லாருக்கும் அதுதான் பேச்சு. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

அதேபோல ஒரு காலையில் அவருடைய ஒரே மகன் சேகரும் ஓடிவந்தான். தூத்துக்குடியில் அவனுக்கு இன்டர்வியூ. கையை ஆட்டிக்கொண்டே வந்தவனை அண்ணாச்சி பார்த்தார், மணியையும் பார்த்தார், விசிலை ஊதினார். பையன் கூட்டாளி ஒருவனின் பைக்கில் தொற்றிக்கொண்டு பஸ்ஸை விரட்டிப் போனான். எட்டயபுரத்துக்கு முன்னாலேயே எதிரே வந்த லாரியில் மோதினார்கள். கூட்டாளி பிழைத்துக்கொண்டான், சேகர் அங்கேயே போய்விட்டான். அவர்கள் வீட்டில் திதி பார்ப்பதில்லை, இங்கிலீஷ் தேதிதான். அந்தத் தேதியை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் வந்தால் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாது. அவர் மனைவி கோமதி மதினி வீட்டில் மகனுக்கு இலை போட்டுப் படைத்துக்கொண்டிருப்பார். இவர் விடிந்ததும் கிளம்பிக் கண்ணில் பட்ட வண்டியில் ஏறிவிடுவார். ஒரு வருஷம் நானும் கூடவே போனேன். கழுகுமலையில் இறங்கினோம், சங்கரன்கோவில் வண்டியில் ஏறினோம், அங்கிருந்து எங்கெங்கோ போனோம். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல் காடு. கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு என்னிடம் மணி கேட்டார். "இன்னும் இந்த நாளு முடிய மாட்டேங்குதே வே" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், டீக்கடையில் கிடந்த வாரப் பத்திரிகையை நான்தான் சத்தமாகப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். பசிபிக் கடலில் ரரோடோங்கா என்று ஒரு தீவு, அங்கே ஒரு வாரம் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை. கடைசியில் ஒரு வேடிக்கைத் தகவல் போட்டிருந்தார்கள். தீவிலிருந்து நியூசிலாந்துக்குத் திரும்பும் வழியில், தேதி மாறும் கோட்டை விமானம் தாண்டும். இரவில் ஏறினால் இறங்குவது மறுநாள் அல்ல, அதற்கும் மறுநாள். நடந்துகொண்டிருந்த அண்ணாச்சி நின்றுவிட்டார்.

"நடுவுல உள்ள நாளு எங்க போவும் வே?"

"எங்கயும் போவாது அண்ணாச்சி. ஏறினவனுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது."

"கிடையவே கிடையாதா?" என்று மூன்று தடவை கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் என்ன நினைக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரரைப் பிடித்தார். மதுரை, சென்னை, சிங்கப்பூர், ஆக்லாந்து, ரரோடோங்கா என்று பஸ் அட்டவணை போலவே கோடு போட்டு எழுதினார். திரும்புகிற இரவு விமானம் தினமும் கிடையாது என்று தெரிந்தது. அந்தத் தேதிக்கு முந்தின நாள் விமானம் இருக்கிற கிழமையாக அமைய வேண்டும். அந்த வருஷம் அமையவில்லை. "சவத்தெளவு, ஒரு நாள்ல தப்பிப்போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வருஷத்துக் கிழமையை எண்ணினார். அமைந்தது.

"ஒரு நாளைத் தாண்ட ஒரு வாரம் எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"ஒரு வாரமாவது இருந்துட்டு வந்தாத்தான் ஊர்க்காரன் டூருன்னு நம்புவான்."

அந்த ஒரு வாரத்தையும் நிரப்பினார். கடலைப் பார்க்க அவருக்கு ஆசையே இல்லை. "கடலு தூத்துக்குடியிலயும்தான் கெடக்கு" என்றார். தீவைச் சுற்றி ஒரே ரோடு, அதில் வலமாக ஒரு பஸ், இடமாக ஒரு பஸ் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தார். மூன்று நாளைக்கு அந்தப் பஸ்களுக்கே எழுதிவைத்தார். டிப்போவில் கேலிக்குக் குறைவில்லை. "அண்ணாச்சி, ரரோடோங்காவுக்குப் பாயிண்ட் டு பாயிண்டா, சாதா வண்டியா?" என்பார்கள். அவரும் சிரிப்பார். பாஸ்போர்ட்டுக்கான தடையின்மைச் சான்றை நான்தான் தட்டச்சு செய்தேன். காரணம் சுற்றுலா என்று அடித்தேன். எப்போதும்வென்றான் கிராமத்தில் இருந்த நிலத்தை விற்க விலை பேசி முடித்தார். டிக்கெட் இரண்டு, அவருக்கும் மதினிக்கும். மதினியிடம் மட்டும் காரணத்தைச் சொல்லவில்லை.

டிக்கெட் எடுக்கப் போவதற்கு முந்தின நாள் என்னை வீட்டுக்கு அழைத்தார். விஷயத்தை மதினியிடம் நான் சொல்ல வேண்டுமாம். தப்பாமல் கோடு போட்டிருந்த தாளை நீட்டி நான் விளக்கினேன். மதினி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கடைசிவரை கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பிள்ளை ஓடி வந்தான், நீங்க வண்டிய அனுப்பிட்டீய. இப்ப அவன் வார நாளு பாத்து நாமளே வண்டியேறிப் போயிருவமா? நீங்க போங்க. நான் இங்கன இருக்கேன். அவனுக்கு வீட்டுல ஆளு வேணும்லா."

அத்தனை வருஷத்தில் விசிலைப் பற்றி மதினி ஒரு சொல் சொன்னது அன்றுதான். அண்ணாச்சி தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன்.

அவர் தீவுக்குப் போகவில்லை. அந்தத் தேதியில் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். இலை முன்னால் உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார். "நீரு பக்கத்துல இரும் வே. நீரு இருந்தாத்தான் நான் உக்காருவேன்" என்றார். இருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் என்றா எழுதினேன்? பொய். போன வருஷம் போகவில்லை. சிவகாசியில் ஒரு கல்யாணம் என்று சொல்லி அனுப்பினேன். கல்யாணம் உண்மைதான், ஆனால் காலையிலேயே முடிந்துவிட்டது. சாயங்காலம் போயிருக்கலாம். அந்த இலையை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அண்ணாச்சியை எடுத்துப்போட்டுத் திரும்பிய அன்று மதினி என்னைக் கூப்பிட்டார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று போய் நின்றேன். அவர் திட்டவில்லை.

"போன வருசம் உங்களுக்காவ இருட்டுற மட்டும் வாசல்லயே நின்னாவ தம்பி. 'அவன் வந்திருவான், கொஞ்சம் பொறு'ன்னே சொன்னாவ. எலைக்கு முன்னால வந்து உக்காரவே இல்ல" என்றார். பிறகு, "இனிமே அந்த நாள்ல ரெண்டு எலை போடணும். நீங்க வந்திருவீயல்லா?" என்று கேட்டார்.

யாருக்காகவும் காத்திருக்காத மனிதர் எனக்காக ஒரு சாயங்காலம் முழுக்க வாசலில் நின்றிருக்கிறார். அவர் விட்டுப்போனதில் எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு நாள். அதைத் தாண்டிப் போக நான் இனி வழி தேடமாட்டேன். வருகிற வருஷம் விடிந்ததும் போய் மதினி வீட்டில் உட்கார்ந்துவிடுவேன்.